சின்ன பி, பெரிய பி: நூறு வாங்கினால் பன்னிரண்டு வருவது ஏன்?

*“நூறு எடுத்தேன், பதினொன்றுதான் வருகிறது” என்பது வெள்ளவத்தை முறைப்பாடு. “ஒரு டெராபைட் வாங்கினேன், 931தான் இருக்கிறது” என்பது கொட்டாஞ்சேனை முறைப்பாடு. யார் ஏமாற்றுகிறார்கள் என்று கேட்பதற்கு முன் எந்தத் தராசில் நிறுக்கிறோம் என்று பார்த்துவிடுவோம்.*

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் தொடர்மாடி. ஐந்தாம் மாடியில் ஓர் அங்கிள் இருக்கிறார். வங்கியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்து இளைப்பாறியவர். மின்சார பில், தண்ணீர் பில், லிப்ட் பராமரிப்புக் காசு என்று எல்லாமே அவருடைய நீல மட்டைக் கொப்பியில் ஏறும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, ஒருக்கா மேல வந்திட்டுப் போறீரோ?”

போனேன். சாமிப்படத் தட்டுக்குக் கீழே ரவுட்டர், அதற்குப் பக்கத்தில் 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய சின்ன யூபிஎஸ், மேசையில் கணினி. திரையில் ரொறன்ரோவிலிருந்து மருமகள் அனுப்பிய கலியாண வீடியோ இறங்கிக்கொண்டிருந்தது. கணினிக்குப் பக்கத்தில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்று. இணையக் கம்பெனிக்கு, பிரதி தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவுக்கு.

“நூறு எம்பி எண்டு சொல்லித்தான் மாசாமாசம் காசு வாங்கிறாங்கள். இஞ்ச பாரும், பதினொண்டு. ஒன்பதில ஒரு பங்கு. வங்கியில இப்பிடிச் செய்திருந்தா என்னை உள்ளுக்குப் போட்டிருப்பாங்கள்.”

திரையில் 11.2 என்று இருந்தது உண்மைதான். இலக்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து: ஓர் எம், ஒரு பி. அந்த ‘பி’ பெரிய எழுத்து. கம்பெனியின் விளம்பரத் தாளை வாங்கிப் பார்த்தேன். அங்கே 100க்குப் பக்கத்தில் இருந்த ‘பி’ சின்ன எழுத்து. அங்கிளின் முழு வழக்கும் இந்த ஓர் எழுத்தின் உயரத்தில் நின்றது.

எட்டுக் கிராம் ஒரு பவுன்

“அங்கிள், 100 கிராம் தங்கம் எத்தனை பவுன்?”

“பன்னிரண்டரை.” யோசிக்கவே இல்லை. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்.

“உங்கட லைனும் 100 கிராம்தான். கணினி பவுனிலை சொல்லுது.”

சின்ன ‘பி’ பிட். பெரிய ‘பி’ பைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். இணைய இணைப்பின் வேகத்தைச் செக்கனுக்கு இத்தனை மெகாபிட் என்று விற்கிறார்கள். கோப்பு இறங்கும் வேகத்தைக் கணினி செக்கனுக்கு இத்தனை மெகாபைட் என்று காட்டுகிறது. நூறை எட்டால் பிரித்தால் 12.5. செட்டியார் தெருவில் நகை வாங்கும் எவரும் நூறு கிராமை நூறு பவுன் என்று நினைத்து ஏமாறமாட்டார்கள். இணையத்தில் படித்தவர்களும் தினமும் அப்படித்தான் ஏமாறுகிறோம்.

அங்கிள் விடவில்லை. “சரி, பன்னிரண்டரை வரவேணும். பதினொண்டு புள்ளி இரண்டுதானே வருது? மிச்சம்?”

அதற்கும் நகைக்கடையில் ஒரு சொல் உண்டு: சேதாரம். இணையத்தில் எதுவும் ஒரே நீரோட்டமாக வருவதில்லை, சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் யாருக்கு, யாரிடமிருந்து, எத்தனையாவது துண்டு என்ற முகவரிச் சீட்டு இருக்கும். இரண்டு பொட்டலங்களுக்கு இடையில் சிறு இடைவெளியும் விடவேண்டும். வழமையான ஈதர்நெட் கம்பியில் ஒரு பொட்டலம் அடைக்கும் இடம் 1,538 பைட். அதில் நமக்கு உரிய சரக்கு அதிகபட்சம் 1,460 பைட். நூற்றுக்கு ஐந்து வீதம் சேதாரம் போய்விடுகிறது. 12.5 அந்த இடத்தில் 11.87 ஆகிறது.

இன்னும் ஒரு கழிவு இருக்கிறது. மெகா என்றால் பத்து இலட்சம். ஆனால் பல கணினி மென்பொருள்கள் ஒரு மெகாபைட்டை 1,024 தர 1,024, அதாவது 1,048,576 பைட் என்று எண்ணுகின்றன. 11.87ஐ அந்தப் பெரிய படியால் அளந்தால் 11.3.

அங்கிளின் திரையில் இருந்தது 11.2. அவருக்குக் கம்பெனி நூறையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தது. அவர் கடிதத்தை மடித்துக் கொப்பிக்குள் வைத்தார். கிழிக்கவில்லை.

பெரிய எழுத்து இல்லாத மொழி

பிட், பைட் குழப்பம் உலகம் முழுவதற்கும் பொது. தமிழருக்கு அது கொஞ்சம் கூடுதல். நமது எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. தமிழில் எழுதினால் இரண்டும் ‘எம்பி’தான். பேசும்போது எந்த மொழியிலும் பெரிய எழுத்து காதில் விழாது. கம்பெனித் தொலைபேசியில் பதில் சொல்லும் பிள்ளை ‘எம்பி’ என்கிறார், பென் டிரைவ் விற்கும் தம்பியும் ‘எம்பி’ என்கிறார். ‘எம்பிபிஎஸ்’ என்று முழுதாகச் சொன்னால் இன்னும் வில்லங்கம். வெள்ளவத்தைப் பெற்றோருக்கு அந்தப் பெயரில் வேறொரு கனவு உண்டு.

ஆகவே இக்கட்டுரையில் இனி மெகாபிட், மெகாபைட் என்றே எழுதுகிறேன். ‘எம்பி’க்கு இங்கே இடமில்லை.

‘பிட்’ என்ற சொல் அச்சில் புகழ்பெற்றது 1948இல், பெல் ஆய்வுகூடத்தின் கிளாட் ஷானன் எழுதிய தகவல்தொடர்புக் கோட்பாட்டுக் கட்டுரையில். சொல்லைத் தந்தவர் ஜோன் டூக்கி என்று ஷானனே அதில் குறிப்பிட்டார். ஆம் அல்லது இல்லை, ஒன்று அல்லது பூச்சியம், அதற்குமேல் பிரிக்கமுடியாத தகவல்தான் பிட். ‘பைட்’டை 1956இல் உருவாக்கியவர் ஐபிஎம் நிறுவனத்தின் வெர்னர் புக்கோல்ட்ஸ். கடித்து எடுக்கும் ஒரு வாய் என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லை எடுத்து, வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றினார். காரணம், தவறுதலாக ஓர் எழுத்து விடுபட்டால் பைட் பிட்டாகிவிடக்கூடாது என்பது. குழப்பம் வரக்கூடாது என்று எழுத்துக்கூட்டலையே மாற்றிப் பிறந்த சொல் அது. கடைசியில் அவ்விரண்டையும் பிரிக்க ஒரு ‘பி’யின் உயரம்தான் மிஞ்சியது.

ஒரே அலகை இருவரும் பாவித்திருக்கலாமே? தந்திக் காலத்திலிருந்தே கம்பி என்பது ஒன்றன்பின் ஒன்றாகச் சமிக்ஞை போகும் பாதை. கம்பிக்காரர்கள் சமிக்ஞையை எண்ணினார்கள். களஞ்சியக்காரர்களுக்கு வேண்டியது எழுத்து: எத்தனை எழுத்தைச் சேமிக்கலாம்? அந்தக் காலத்துக் கணினிகள் பலவற்றில் ஓர் எழுத்து 6 பிட். இயந்திரத்துக்கு இயந்திரம் இது மாறும். எட்டு பிட் என்பது நிலைத்தது 1964இல் ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினிகள் வந்தபின். அதுவரை பைட் என்ற படி கடைக்குக் கடை வேறு அளவு. கம்பி போடுகிறவர் அந்தப் படியை நம்பி விலை பேசமுடியாது. வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. எட்டு மடங்கு பெரிய இலக்கத்தை விளம்பரத்தில் போடக் கிடைப்பதால் அதை மாற்றவும் யாருக்கும் அவசரமில்லை.

பாரிஸ் லா சப்பலில் இருக்கும் உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் பைட்டை ‘ஒக்தே’ என்கிறார்கள். எட்டைக் குறிக்கும் சொல். அதனால் மெகாபைட்டின் சுருக்கத்தில் ‘பி’ இருக்கும் இடத்தில் அங்கே ‘ஓ’ வரும். மெகாபிட்டுக்கு ஒரு சுருக்கம், மெகாபைட்டுக்கு வேறு சுருக்கம். பில்லைப் பார்த்ததும் எது கிராம், எது பவுன் என்று தெரியும்.

பைட் எவ்வளவு சின்னது என்று பார்க்க நமது ஊர்ப் பெயரையே எடுப்போம். ‘வெள்ளவத்தை’ என்று வட்ஸ்அப்பில் தட்டினால் கணினிக்கு அது பத்துக் குறியீடு: வ, எகரக் கொம்பு, ள, புள்ளி, ள, வ, த, புள்ளி, த, ஐகார இணைக்கொம்பு. இன்று பொதுவாகப் பாவிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 30 பைட், 240 பிட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலும் பத்து எழுத்து. ஆனால் எழுத்துக்கு ஒரு பைட், மொத்தம் 10. தமிழுக்கு மூன்று மடங்கு கூலி. பயப்படத் தேவையில்லை. செக்கனுக்கு 100 மெகாபிட் இணைப்பில் வெள்ளவத்தையை ஒரு செக்கனில் நாலு இலட்சம் தடவைக்கு மேல் அனுப்பலாம்.

ஜம்பட்டா வீதியில் காணாமற்போன 69

அடுத்த முறைப்பாடு கொட்டாஞ்சேனையில். ஜம்பட்டா வீதிப் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அண்ணர் ஒருவர். கடையில் நாலு சிசிடிவி கமரா. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் போட்டிருந்தார்.

“ஆயிரம் ஜிபின்னு எழுதியிருக்கு தம்பி. மெஷின்ல 931தான் காட்டுது. 69 எங்க போச்சு? அதவிட இன்னொன்னு. ஒரு மாசம் ரெக்கோர்ட் இருக்கும்னு நெனச்சேன், ஆறாம் நாளே பழசு அழியுது.”

69 எங்கேயும் போகவில்லை. டிஸ்க் செய்யும் கம்பெனி டெரா என்றால் இலட்சம் கோடி என்று எண்ணுகிறது. பெட்டியில் இலட்சம் கோடி பைட் சரியாக இருக்கிறது. திரையில் காட்டும் மென்பொருள் ஒரு ஜிகாபைட்டை 1,024ஐ மூன்று தடவை பெருக்கி, 1,073,741,824 பைட் என்று எண்ணுகிறது. முன்னதைப் பின்னதால் பிரித்தால் 931.3. சரக்கு ஒன்றுதான், படி வேறு.

கணினி இரண்டிரண்டாக எண்ணும். பத்துத் தடவை இரட்டித்தால் 1,024. ஆயிரத்துக்குக் கிட்ட இருக்கிறதே என்று பழைய பொறியியலாளர்கள் அதையே ‘கிலோ’ என்று கூப்பிட்டார்கள். கிலோவில் வித்தியாசம் 2.4 வீதம், யாரும் கவனிக்கவில்லை. மெகாவில் அது ஏறத்தாழ 5 வீதம், ஜிகாவில் 7, டெராவில் 10. கொள்ளளவு கூடக் கூடப் பொருமலும் கூடியது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு 1998இல் 1,024 கணக்குக்கு கிபி, மெபி, ஜிபி என்று தனிப் பெயர்கள் வைத்தது. அந்த மூன்றாவது பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரும்: நாம் ஏற்கனவே ஜிகாபைட்டை அப்படித்தான் சுருக்குகிறோம். அப்பெயர்கள் கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லை. ஆப்பிள் 2009இல் தன் கணினிகளை ஆயிரக் கணக்குக்கு மாற்றியது. விண்டோஸ் இன்றும் 1,024 கணக்கிலேயே காட்டுகிறது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்கே போட்டார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006இல் சமரசத்துக்கு வந்து, வாங்கியவர்களுக்குப் பிரதியெடுக்கும் மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ‘ஒரு ஜிகாபைட் என்பது நூறு கோடி பைட்’ என்று இருக்கும் வரி இந்தச் சண்டைகளின் தழும்பு.

பழைய ஃப்ளாப்பி இன்னும் வேடிக்கை. 1.44 மெகாபைட் என்று எழுதியிருப்பார்கள். உள்ளே இருந்தது 1,440 தர 1,024 பைட். மெகாவில் பாதி ஆயிரக் கணக்கு, பாதி 1,024 கணக்கு. எந்தப் படியாலும் அது சரியாக 1.44 வராது.

அண்ணரின் இரண்டாவது கேள்விதான் கடைக்கு முக்கியம். பதிவுப் பெட்டியின் மெனுவைத் திறந்து கமரா ஒன்றின் பிட் வேகத்தைப் பார்த்தோம். ஏறத்தாழ 4 மெகாபிட். இனிக் கைக்கணக்கு. ஒரு நாளுக்கு 86,400 செக்கன். 4ஆல் பெருக்கினால் 345,600 மெகாபிட். எட்டால் பிரித்தால் 43,200 மெகாபைட், அதாவது 43.2 ஜிகாபைட். நாலு கமராவுக்கு நாளொன்றுக்கு 172.8. ஆயிரத்தை அதனால் பிரித்தால் 5.8 நாள். ஆறாம் நாள் பழையது அழிகிறது என்று அண்ணர் சொன்னது அச்சொட்டாகச் சரி. முப்பது நாள் வேண்டுமென்றால் 5,184 ஜிகாபைட். கடையில் கிடைக்கும் அளவில் 6 டெராபைட் டிஸ்க். இல்லையென்றால் எச்.265 என்ற புதிய சுருக்க முறைக்கு மாற்றவேண்டும். பழைய எச்.264 கேட்ட இடத்தில் ஏறத்தாழப் பாதி அதற்குப் போதும்.

“அப்ப டிஸ்க் விக்கிறவன் மேல தப்பில்ல. கமரா பூட்டினவன்தான் இந்தக் கணக்க எனக்குச் சொல்லியிருக்கணும்” என்றார். அதில் நியாயம் இருக்கிறது. கமரா மெகாபிட்டில் பேசுகிறது, டிஸ்க் டெராபைட்டில் பேசுகிறது. நடுவில் நின்று மொழிபெயர்க்க ஆளில்லை.

எட்டுக் கம்பியில் ஒன்று அறுந்தால்

வேகம் எப்போதும் பாதையின் மிக ஒடுங்கிய இடத்தால் தீர்மானமாகும். காலி வீதியை நாலு தடமாக அகட்டினாலும் பாலத்தில் ஒரு தடம்தான் என்றால் பாலத்தின் கணக்குத்தான். வீட்டில் அந்த ஒடுங்கிய பாலம் எங்கே இருக்கிறது?

முதல் இடம், சுவரோடு ஓடும் நெட்வேர்க் வயர். உள்ளே எட்டுக் கம்பி, நாலு சோடி. செக்கனுக்கு 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். 1,000 மெகாபிட்டுக்கு நாலு சோடியும் வேண்டும். நூறுக்குத் தேவைப்படாத சோடியில் ஒரு கம்பி தலையில் விட்டுப்போனால் இணைப்பு பெரும்பாலும் அறாது. சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கி ஓடும். விளக்கு எரியும், இணையம் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகம் வராது. வேகமான பொதிக்கு மாறியும் நூறைத் தாண்டவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது அந்த எட்டுக் கம்பியை. அடுத்தது ரவுட்டர். ‘300 மெகாபிட்’ என்று முகத்தில் அச்சடித்த மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் வயர் செருகும் துளை 100 மெகாபிட்தான். 300 என்பது காற்றில் ரவுட்டரும் கைப்பேசியும் ஒத்துக்கொள்ளக்கூடிய உச்சம். கைக்கு அதில் பாதி வந்தாலே நல்லது.

காற்றுக்கும் நெரிசல் உண்டு. என் ஹோலில் நின்று கைப்பேசியில் எண்ணினேன்: அயல் வீட்டு வைஃபை இருபத்துமூன்று. 2.4 ஜிகாஹேட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத வழித்தடம் மூன்றே மூன்று: 1, 6, 11. இருபத்துமூன்று வீடு மூன்று தடத்தில் போனால் வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் மாலை ஆறு மணி எப்படியோ அப்படித்தான். 5 ஜிகாஹேட்ஸில் தடங்கள் அதிகம், ஆனால் கொங்கிறீட் சுவரைத் தாண்டும்போது களைத்துவிடும். ஆகவே வேகத்தை அளப்பதென்றால் வயரைச் செருகி அளக்கவேண்டும். வைஃபையில் அளந்து கம்பெனியைத் திட்டுவது, ஓட்டை வாளியில் பால் வாங்கிப் பால்காரரைத் திட்டுவது போல.

மூன்றாவது பாலம், சேமிக்கும் பொருள். யூஎஸ்பி 2.0 என்பது 480 மெகாபிட். எட்டால் பிரித்தால் 60 மெகாபைட், நடைமுறையில் 30 முதல் 40. யூஎஸ்பி 3.0 என்றால் 5,000 மெகாபிட். பல கணினிகளில் அந்தத் துளையின் உள்நாக்கு நீல நிறம். ஆனால் துளை அகலம் என்பதற்காகப் பென் டிரைவ் ஓடாது. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் நான் வாங்கிய பென் டிரைவின் அட்டையில் செக்கனுக்கு 130 மெகாபைட் என்று கொட்டை எழுத்து. அது வாசிக்கும் வேகம். எழுதும் வேகம் அட்டையில் எங்கேயும் இல்லை. கலியாணப் படங்கள் 64 ஜிகாபைட்டை அதில் ஏற்றினேன். செக்கனுக்கு 20 மெகாபைட் என்று தவழ்ந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. மாப்பிள்ளை வீட்டார் கீழே வாகனத்தில் காத்திருந்தார்கள். அட்டையை முழுதாக வாசிக்காதது என் பிழை. வாசிக்க அங்கே எதுவும் இருக்கவில்லை என்பது என் மனவருத்தம்.

ஒப்பிட்டுப் பார்க்க: சுழலும் ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 150 மெகாபைட் அளவில் ஓடும். சாட்டா வகை எஸ்எஸ்டி 550 அளவில். புதிய என்விஎம்ஈ எஸ்எஸ்டிகளில் வேகமானவை 7,000ஐயும் தாண்டுகின்றன. 100 மெகாபிட் இணைப்புக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கே தாராளம். இணையம் மெதுவாக இருக்கிறது என்று எஸ்எஸ்டி வாங்கினால் கணினி சுறுசுறுப்பாகும், இறங்கும் வேகம் கூடாது.

கல்கிசைக்கு அப்பால்

வீட்டுக்குள் எல்லாம் சரி. கம்பெனியும் நூறு தருகிறது. பிறகும் வெளிநாட்டுத் தளமொன்று நொண்டினால்? வெள்ளவத்தையிலிருந்து இரண்டு ரயில் நிலையம் தள்ளிக் கல்கிசை. குளிக்கவும் ஐஸ்கிறீம் குடிக்கவும் போகும் அந்தக் கரையில்தான் நாட்டின் கடலடி வடங்கள் சில ஏறின. ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைத்த சீ-மீ-வீ 3 அங்கே வந்தது. தூத்துக்குடியிலிருந்து 2006இல் பாரத்-லங்கா வடமும் அங்கேதான் வந்தது. சீ-மீ-வீ 4 கொழும்பில் ஏறியது, 5 மாத்தறையில். உங்கள் வீட்டு நூறு, கம்பெனியின் வாசல்வரை நூறு. அதற்கப்பால் எல்லா வீடும் பகிரும் வழி.

இதைச் சோதித்துக் காட்டியவர்கள் கொழும்பிலேயே இருக்கிறார்கள். லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் சென்னை ஐஐடியின் டெநெட் குழுவோடு சேர்ந்து, 2008ஐ ஒட்டிய வருடங்களில் வேகம் அளக்கும் மென்பொருளொன்றைச் செய்தது. கொழும்பிலும் சென்னையிலும் பிற தெற்காசிய நகரங்களிலும் அதை ஓடவிட்டார்கள். அதன் கெட்டித்தனம் மூன்று இடத்தில் அளந்தது: கம்பெனியின் சொந்தக் கணினிவரை, நாட்டுக்குள், நாட்டுக்கு வெளியே. விளம்பர வேகம் வாசல்வரை ஓரளவு இருந்து, கடலைத் தாண்டும்போது வடிந்தது அப்போது தெரியவந்தது.

இதை இன்று நீங்களே செய்யலாம். வேகச் சோதனைத் தளத்தில் முதலில் கொழும்புச் சேவையகம், பிறகு சிங்கப்பூர் அல்லது லண்டன். இரண்டு இலக்கமும் கிட்டக்கிட்ட இருந்தால் நல்ல இணைப்பு. எட்டத்தில் இருந்தால் ஒடுங்கிய பாலம் உங்கள் வீட்டில் இல்லை.

அச்சோதனையில் மில்லிசெக்கனில் இன்னோர் இலக்கமும் வரும். அது தாமதம். வேகமும் தாமதமும் வேறு வேறு என்பதை 155 இலக்க பஸ் விளக்கும். வெள்ளவத்தையில் ஒரு டெராபைட் டிஸ்க்கைச் சட்டைப்பையில் போட்டு ஏறி, நெரிசலில் ஒன்றரை மணித்தியாலத்தில் கொட்டாஞ்சேனையில் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். எண்பது இலட்சம் மெகாபிட், 5,400 செக்கன். பிரித்தால் செக்கனுக்கு 1,481 மெகாபிட். அதையே 100 மெகாபிட் இணைப்பில் அனுப்பினால் 22 மணித்தியாலம். வேகத்தில் 155க்குக் கிட்ட உங்கள் ஃபைபர் வராது. ஆனால் அந்த பஸ்ஸில் “ஹலோ” என்று சொன்னால் பதில் வர மூன்று மணித்தியாலம் ஆகும். ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் போகும். சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். போய்வர எப்படியும் 27 மில்லிசெக்கன். எவ்வளவு காசு கட்டினாலும் அதைக் குறைக்க முடியாது. வீடியோ அழைப்பில் இருவர் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தத் தாமதத்தால். நூறிலிருந்து முந்நூறுக்குப் பொதி மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

53 நிமிடத்தில் தீரும் மாதம்

நமது நாட்டுப் பொதிகள் பலவற்றில் வேகம் மெகாபிட்டில், மாதப் பங்கு ஜிகாபைட்டில். ஒரே தாளில் கிராமும் பவுனும். 100 மெகாபிட் வேகம், 40 ஜிகாபைட் பங்கு என்று ஒரு பொதி இருந்தால், முழு வேகத்தில் அந்தப் பங்கு 3,200 செக்கனில் முடியும். 53 நிமிடம். வேகத்தைக் கூட்டிப் பங்கை அப்படியே விட்டால், தண்ணீர்த் தாங்கியை மாற்றாமல் பெரிய குழாய் பூட்டியது போலத்தான்.

மனதில் வைக்க ஒரு சூத்திரம்: மெகாபிட்டை 0.45ஆல் பெருக்கினால் மணித்தியாலத்துக்குப் போகும் ஜிகாபைட். 1.5 மெகாபிட் கேட்கும் சூம் வகுப்பு மணிக்கு 0.68 ஜிகாபைட். 5 மெகாபிட்டில் ஓடும் படம் மணிக்கு 2.25. வீட்டில் இரண்டு பிள்ளைக்கு வகுப்பு, இரவில் ஒரு படம் என்றால் மாதப் பங்கு எத்தனை வேண்டும் என்று பொதி வாங்குமுன் கொப்பியில் போட்டுவிடலாம்.

இந்தப் பொதிகளைப் பார்த்து அலுத்துக்கொள்ளும்போது 1995ஐ நினைப்பதுண்டு. லங்கா இன்டர்நெட் வணிகச் சேவையைத் தொடங்கிய வருடம். அக்காலத்து நல்ல மோடம் 28.8 கிலோபிட், அதாவது செக்கனுக்கு 3.6 கிலோபைட். இன்று கைப்பேசி எடுக்கும் 3 மெகாபைட் படமொன்று அதில் இறங்க 14 நிமிடம் ஆகியிருக்கும். பிறகு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வரிசையாக இருந்த கொமியூனிகேஷன் கடைகளில், கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே ஓடும் சிவப்பு இலக்கத்தைப் பார்த்தபடி வெளிநாட்டுப் பிள்ளையோடு கதைத்தவர்கள் நிமிடத்தை அறிந்திருந்தார்கள். நிமிடம் எல்லோருக்கும் தெரிந்த அலகு. யாரும் ஏமாறவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கினார்கள்.

வாங்குமுன் கேட்க ஐந்து

1. வேகம் மெகாபிட்டா, மெகாபைட்டா? பிட் என்றால் எட்டால் பிரியுங்கள். சேதாரத்தையும் சேர்த்து ஒன்பதால் பிரித்தால் திரையில் வரும் இலக்கத்துக்கு இன்னும் கிட்ட வரும்.
2. இறங்கும் வேகம் எவ்வளவு, ஏறும் வேகம் எவ்வளவு? 64 ஜிகாபைட் கலியாண வீடியோவை 50 மெகாபிட்டில் ஏற்ற மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. 1 மெகாபிட்டில் ஆறு நாள்.
3. மாதப் பங்கு உண்டா? முடிந்தபின் வேகம் எவ்வளவுக்கு இறங்கும்?
4. ரவுட்டரின் வயர்த் துளை 100ஆ, 1,000ஆ?
5. பென் டிரைவ், மெமரி கார்ட் என்றால் எழுதும் வேகம் எத்தனை? கார்ட்டில் வட்டத்துக்குள் 10 என்றால் குறைந்தது செக்கனுக்கு 10 மெகாபைட். வி30 என்றால் குறைந்தது 30.

மீண்டும் ஐந்தாம் மாடி

அரிசிக் கடைத் தராசை அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் சோதித்து முத்திரை குத்துகிறது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இருக்கிறது. இணையக் கம்பெனிகளுக்கு 1991இன் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் உங்கள் மேசையில் மாலை எட்டு மணிக்கு வந்த மெகாபிட் எத்தனை என்பதை நீங்கள்தான் நிறுத்து எழுதவேண்டும்.

அங்கிள் எழுதினார். மடித்து வைத்த கடிதம் இருந்த அதே நீலக் கொப்பியில் ஐந்து நிரல் கீறினார்: திகதி, நேரம், கொழும்பு, சிங்கப்பூர், தாமதம். வயர் செருகி, மற்றக் கருவிகளை நிறுத்தி, காலை ஆறு, பகல் ஒன்று, இரவு எட்டரை. மூன்று கிழமை. காலையில் கொழும்பு 93, சிங்கப்பூர் 88. இரவு எட்டரைக்குக் கொழும்பு 92, சிங்கப்பூர் 17, சில நாள் 14. முதற் கடிதத்தில் இருந்த குற்றச்சாட்டு பொய்த்துப்போனது. அவர் நினைத்துப் பார்க்காத இடத்தில் உண்மையான ஒன்று அகப்பட்டது.

கடிதம் அனுப்புமுன் கம்பெனிக்குத் தொலைபேசி எடுத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல்.

“சேர், இப்ப எத்தனை எம்பி வருது?”

அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“சொல்லுறன் பிள்ளை. முதல்ல நீர் சொல்லும், சின்ன பியோ, பெரிய பியோ?”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு காத்திருக்கச் சொல்லும் சங்கீதம் தொடங்கியது.